கிரகணம் பார்த்த எக்ஸ்ரே

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் அதிகம். அதனால இந்தப் பக்கம் வந்து ரெண்டு மாசம் ஆச்சு. இதை எழுதணுமா வேண்டாமான்னு யோசிச்சதுலயும் கொஞ்ச நாள் போச்சு. சொந்த வீட்டு விஷயம். அதுவும் நான் நல்லவனாத் தெரியாத விஷயம். கடைசியில தம்பிகிட்டயே கேட்டேன். "பேரைப் போடாம எழுதுண்ணே. படிக்கிறவங்கள்ல ஒரு ஆளுக்கு உபயோகப்பட்டாலும் சரிதான்"னுட்டான். ஸோ, பேர் கிடையாது.

தம்பின்னா கூடப் பிறந்தவன் இல்லை, சித்தி பையன். என்னைவிட ஏழு வயசு சின்னவன். ஊரு திண்டுக்கல்.

சொல்ல வந்ததை முதல்லயே சொல்லிடறேன். கதை கேட்கப் பொறுமை இல்லாதவங்க இதோட மூடிட்டுப் போகலாம். ஒரே ஆளுக்கு நெஞ்சுல ஒரே இடத்துல ரெண்டாவது தடவை நிமோனியா வந்தா, அதை "ரெண்டாவது நிமோனியா"ன்னு நினைக்காதீங்க. முதல் தடவை வந்தது முழுசாப் போகவே இல்லையோன்னு சந்தேகப்படுங்க. பழைய எக்ஸ்ரேவையும் புது எக்ஸ்ரேவையும் பக்கத்துல வச்சுப் பார்த்துச் சொல்லுங்கன்னு டாக்டர்கிட்ட கேளுங்க. அதுக்குப் பழைய எக்ஸ்ரே உங்ககிட்ட இருக்கணும். அவ்ளோதான் மேட்டர்.

பொறுமை இருக்கிறவங்களுக்கு, இப்போ கொசுவத்தி.

2013-ல் தம்பிக்கு முதல் தடவை நிமோனியா வந்தது. மூணாவதோ நாலாவதோ படிச்சுக்கிட்டிருந்தான். அஞ்சு நாள் ஆஸ்பத்திரி, ஊசி, மருந்து, சரியாப் போச்சு. "மழையில நனைஞ்சான்"னு வீட்ல ஒரு காரணம் கண்டுபிடிச்சாங்க. 2016-ல் மறுபடி. வேற ஆஸ்பத்திரி, வேற டாக்டர், புது எக்ஸ்ரே. இந்தத் தடவை காரணம் ஐஸ்கிரீம். 2021-ல் மூணாவது தடவை வந்தப்போ ஊரே கொரோனாவுல கிடந்தது. டெஸ்ட்ல இல்லைன்னு வந்தும், "அதுவாத்தான் இருக்கும்"னு எல்லாருமே முடிவு பண்ணிட்டோம். ஆன்டிபயாடிக் கொடுத்தாங்க, காய்ச்சல் நின்னுது, மறந்துட்டோம்.

2022-ல் ஒருநாள் இருமினப்போ ரத்தம் வந்தது. நம்ம ஊர்ல இருமல்ல ரத்தம்னா அடுத்த வார்த்தை என்னன்னு உங்களுக்கே தெரியும். டி.பி. சளி டெஸ்ட்ல கிருமி இல்லை. ஆனா எக்ஸ்ரேல நிழல் இருக்கு, ரத்தம் வருது, எடை குறைஞ்சிருக்கு. ஆறு மாச மருந்து ஆரம்பிச்சாங்க. சிறுநீர் ஆரஞ்சுக் கலர்ல போகும், பயப்படாதேன்னு சொல்லி அனுப்பினாங்க. சித்தி அவனுக்குத் தட்டு, டம்ளர் தனியா எடுத்து வச்சாங்க. அக்காவுக்கு வரன் பார்த்துக்கிட்டிருந்த நேரம். வீட்டுக்கு யார் வந்தாலும் அவன் மாடிக்குப் போயிடணும். காலேஜ்ல ரெண்டு செமஸ்டர் அரியர்.

நான் என்ன செஞ்சேன்? சென்னையிலிருந்து போன் பண்ணி, "உண்மையச் சொல்லுடா, தம் அடிக்கிறியா?"ன்னு கேட்டேன். "இல்லண்ணே"ன்னான். நான் விடலை. சித்திகிட்ட, "பசங்க அப்படித்தான் சொல்லுவாங்க, கொஞ்சம் கவனிச்சுக்கோங்க"ன்னு சொல்லி வச்சேன். அந்த ஆறு மாசமும் சித்தி அவன் சட்டைப் பையைத் துழாவியிருக்காங்க, வாயை ஊதச் சொல்லி மோந்து பார்த்திருக்காங்க. இன்ஜினியரிங் படிச்சு, பொட்டி தட்டி, நாலு பேருக்கு புத்தி சொல்ற நிலைமைக்கு வந்த என்னோட பங்களிப்பு இதுதான்.

மருந்து முடிஞ்சுது. 2023 ஆகஸ்ட்ல திரும்பவும் காய்ச்சல், திரும்பவும் ரத்தம். இந்தத் தடவை மதுரைக்குக் கூட்டிட்டுப் போனோம். நானும் லீவு போட்டுட்டுப் போனேன். நெஞ்சக நோய் டாக்டர். புது எக்ஸ்ரேவை ஒரு நிமிஷம் பார்த்தார். எதுவும் சொல்லலை. சித்தியைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

"அம்மா, இதுக்கு முன்னாடி எடுத்த படமெல்லாம் இருக்கா?"

பத்து வருஷத்துல இந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

சித்தி வீட்ல பீரோவுக்கும் சுவத்துக்கும் நடுவுல ஒரு மஞ்சப்பை இருக்கும். கரண்ட் பில், கேஸ் புக், ஜாதகம், எக்ஸ்ரே எல்லாம் அதுலதான். மறுநாள் அதை அப்படியே தூக்கிட்டு வந்தாங்க. 2016 படம் இருந்தது. 2021, 2022 படங்களும் இருந்தன. 2013 படம் மட்டும் ஒரு துண்டு. மீதி எங்கேன்னு கேட்டா சித்திக்கு வெட்கம். 2019 டிசம்பர் 26-ஆம் தேதி வளைய சூரியகிரகணம் வந்ததே, ஞாபகம் இருக்கா? திண்டுக்கல்ல நல்லாத் தெரிஞ்சுது. அன்னிக்குத் தெருப் பசங்களுக்கெல்லாம் கிரகணம் பார்க்க அந்த எக்ஸ்ரேவைத்தான் நாலாக் கத்தரிச்சுக் கொடுத்திருக்காங்க. வாங்கிட்டுப் போனதுல ஒருத்தன் பத்திரமாத் திருப்பிக் கொடுத்தது தோள்பட்டை எலும்பு இருக்கிற துண்டை.

டாக்டர் சிரிச்சார். மிச்சப் படங்களை லைட் போட்ட பலகையில வரிசையா மாட்டினார். எனக்கு எக்ஸ்ரே பார்க்கத் தெரியாது. ஆனாலும் எனக்கே தெரிஞ்சுது. நாலு படத்துலயும் இடது பக்கம், கீழே, இதயத்துக்குப் பின்னாடி ஒளிஞ்ச மாதிரி ஒரே வெள்ளைத் திட்டு. சைஸ் மட்டும் கூடக் குறைய இருந்தது.

"அம்மா, இது வந்து வந்து போகலை. ஏழு வருஷமா அங்கேயே குடியிருக்கு"ன்னார்.

அப்புறம் மருந்து ஏத்தி ரத்தக்குழாய் தெரியற மாதிரி எடுக்கிற சி.டி. ஆஞ்சியோ ஸ்கேன் எடுத்தாங்க. அதுல வந்த பேர் பல்மனரி சீக்வெஸ்ட்ரேஷன். இது டி.பி.யும் இல்லை, புகையும் இல்லை, ஐஸ்கிரீமும் இல்லை. பிறக்கும்போதே கூட வந்த கோளாறு.

எனக்குப் புரிஞ்ச அளவுக்கு விளக்கறேன். கருவுல நாலாவது வாரத்துல, பிற்பாடு உணவுக்குழாயா மாறப்போற குழாயிலிருந்து ஒரு மொட்டு முளைக்கும். அதுதான் கிளைவிட்டு நுரையீரல் ஆகுது. இவங்களுக்கு மட்டும் கூடுதலா இன்னொரு மொட்டு முளைச்சுடுதுன்னு பெரும்பாலும் நம்பறாங்க. அதுவும் நுரையீரல் திசுதான். ஆனா மூச்சுக்குழாயோட முறையான கனெக்‌ஷன் இல்லை. காத்து ஒழுங்காப் போகாது, வராது. மூச்சுக்கு அதனால நயா பைசா பிரயோஜனம் இல்லை.

இதைவிடப் பெரிய விஷயம் ரத்தம். சாதாரணமா நுரையீரல்ல காத்து வாங்கிக்க வர்ற ரத்தம், இதயத்தோட வலது பக்கத்துலேர்ந்து மெதுவான அழுத்தத்துல வரும். உச்சத்துல சுமார் 25. இந்தத் துண்டுக்கோ, அயோர்ட்டான்னு சொல்ற பெருந்தமனியிலேர்ந்தே நேரா ஒரு குழாய் வருது. அங்கே அழுத்தம் 120. வீட்டு மீட்டரைத் தாண்டி மெயின் லைன்லேர்ந்து நேரா ஒரு வயர் இழுத்த மாதிரி. இருமினா ரத்தம் வர்றதுக்கு இது ஒரு காரணம்.

இதுல ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு, நல்ல நுரையீரலுக்குள்ளேயே பதுங்கியிருக்கிறது. இதுதான் அதிகம், நாலுல மூணு இப்படித்தான். இன்னொண்ணு, தனி உறையோட வெளியே தனியா இருக்கிறது. அது பெரும்பாலும் குழந்தையிலேயோ, கருவுல ஸ்கேன் பண்ணும்போதோ தெரிஞ்சுடும். தம்பிக்கு முதல் வகை. பக்கத்து நுரையீரல்லேர்ந்து பொடிப்பொடி ஓட்டைகள் வழியா கிருமி உள்ளே போயிடும். சளி வெளியே வர வாசல் கிடையாது. மருந்து சாப்பிட்டா அடங்கும், ஆனா குட்டை அங்கேயேதான் இருக்கும். அடுத்த மழைக்கு மறுபடி கொசு.

இது ஒண்ணும் புதுசாக் கண்டுபிடிச்ச நோய் இல்லை. தனியா இருக்கிற வகையை வியன்னாவுல ரொகிடான்ஸ்கி 1861-லேயே எழுதிட்டார். உள்ளே பதுங்கியிருக்கிற வகைக்கு இந்தப் பேரை வச்சு, ஏழு நோயாளிகளைப் பத்தி 1946-ல் எழுதினவர் பிரைஸ்ங்கிற இங்கிலாந்து டாக்டர். ஆனாலும் அபூர்வம்தான். 1979-ல் ஒரு குழு அதுவரைக்கும் பத்திரிகைகள்ல வந்ததையெல்லாம் தேடித் தொகுத்தப்போ கிடைச்சது மொத்தம் 540. 2011-ல் சீனாவுல 2,625 பேரோட விவரத்தைத் தொகுத்துப் பார்த்திருக்காங்க. அதுல பாதிக்கும் மேல ஆளுங்களுக்கு முதல்ல வேற ஏதோ நோய்னுதான் சொல்லியிருக்காங்க. அதாவது தம்பி கதை தனிக்கதை இல்லை.

இப்போ என் கருத்துக்கு வர்றேன். டாக்டருங்களைத் திட்டறதுக்காக நான் இதை எழுதலை. சத்தியமா இல்லை. டி.பி.யைச் சந்தேகப்பட்டதுல தப்பே கிடையாது. உலகத்துல டி.பி. வர்ற நாலு பேர்ல ஒருத்தர் இந்தியாவுல இருக்கார். இருமல்ல ரத்தம்னு வந்தா அதைத்தான் முதல்ல தேடணும். சளியில கிருமி தெரியாத டி.பி.யும் உண்டு. ஒரு காலையில நூறு பேரைப் பார்க்கிற டாக்டர், இவ்ளோ அபூர்வமா வர்ற நோயை முதல்ல நினைக்கணும்னு எதிர்பார்த்தா அது நியாயமும் இல்லை. சளி பிடிச்ச எல்லாருக்கும் ஸ்கேன் எடுக்கணும்னும் நான் சொல்லலை. காசும் தண்டம், கதிர்வீச்சும் தண்டம்.

நான் சொல்றது வேற. நம்ம பொழப்புல வச்சுச் சொன்னா நம்ம ஆளுங்களுக்குச் சட்டுனு புரியும். புரொடக்‌ஷன்ல ஒரு எரர் வருது. சர்வரை ரீஸ்டார்ட் பண்றோம், சரியாகுது, டிக்கெட்டை மூடறோம். மூணு மாசம் கழிச்சு அதே எரர். அன்னிக்கு ஷிப்ட்ல இருக்கிறவன் வேற ஆள். அவனும் ரீஸ்டார்ட் பண்ணி மூடறான். ஒவ்வொரு டிக்கெட்டையும் தனித்தனியாப் பார்த்தா எல்லாமே "தீர்ந்தது". எல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தாத்தான் எல்லாம் அதே ஃபைல்ல அதே வரின்னு தெரியும். அப்படி வச்சுப் பார்க்கிற வேலை யாரோட வேலையும் இல்லாமப் போனதுதான் இங்கே தப்பு.

தம்பியைப் பார்த்த ஒவ்வொரு டாக்டரும் தன் முன்னாடி வந்த டிக்கெட்டைச் சரியாத்தான் மூடினாங்க. நாலையும் சேர்த்துப் பார்க்கக்கூடிய ஒரே இடம் சித்தி வீட்டு மஞ்சப்பைதான். அதை யாரும் கேட்கலை. நாங்களும் கொண்டுபோகலை. ஆஸ்பத்திரி மாத்தினப்போ எல்லாம், புது ஆஸ்பத்திரிக்குப் புதுப் படம்னு நினைச்சோமே தவிர, பழசுக்கு மதிப்பு இருக்குன்னு தோணவே இல்லை. சீட்டுல "இடது கீழ்மடல்"னு எழுதியிருந்ததை நாலு தடவையும் யாரும் படிக்கலை. நானும்தான். படிச்ச பையன்னு சொல்லி டிஸ்சார்ஜ் சம்மரியை எனக்கு வாட்ஸப்ல அனுப்புவாங்க. நான் கடைசி வரியில மருந்து லிஸ்ட் மட்டும் பார்த்துட்டு "ஓகே சித்தி"ன்னு போடுவேன்.

"இவ்ளோ அபூர்வமான நோய்க்காக எல்லாரும் எக்ஸ்ரே சேர்த்து வைக்கணுமா?"ன்னு ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. ஆனா ஒரே இடத்துல திரும்பத் திரும்ப வர்ற நிமோனியாவுக்கு இது மட்டும்தான் காரணம்னு இல்லை. குழந்தை நிலக்கடலையை விழுங்கும்போது அது தப்பான குழாய்க்குள்ளே போய் உட்கார்ந்திருக்கலாம். ஒரு நெறிக்கட்டி மூச்சுக்குழாயை அமுக்கிக்கிட்டிருக்கலாம். பழைய நோயில குழாய் விரிஞ்சு போய்ச் சளி தேங்கலாம். வயசானவங்களுக்கு, முக்கியமா புகை பிடிக்கிறவங்களுக்கு, புற்றுநோய்க் கட்டியா இருக்கலாம். இது எல்லாத்துக்கும் பொதுவான தடயம் ஒண்ணுதான்: அதே இடம். நிமோனியா இன்னிக்கு இடது பக்கம், அடுத்த தடவை வலது பக்கம்னு மாறி மாறி வந்தா தேட வேண்டியது வேற காரணங்களை. அதே இடம்னா, அந்த இடத்துல என்ன இருக்குன்னு தேடணும். அதனால காய்ச்சல் விட்டதும் கதை முடிஞ்சதுன்னு இருக்காம, நாலஞ்சு வாரம் கழிச்சு இன்னொரு எக்ஸ்ரே எடுத்து நிழல் முழுசா மறைஞ்சுதான்னு பார்க்கணுமான்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கலாம். அந்த ஒரு படம் 2016-லேயே எடுத்திருந்தா, தம்பி ஆறு மாசம் தனித் தட்டுல சாப்பிட்டிருக்க மாட்டான்.

இன்னொரு விஷயமும் இருக்கு. சரியாப் பேர் தெரியறதுங்கறது வெறும் பேர் விஷயம் இல்லை, உயிர் விஷயம். ஆபரேஷனுக்கு முன்னாடி சர்ஜன் எங்களை உட்கார வச்சு ஸ்கேனைக் காட்டினார். பெருந்தமனியிலேர்ந்து கிளம்பற அந்தக் குழாய் பென்சில் தடிமனுக்கு இருந்தது. "முதல்ல இதைக் கண்டுபிடிச்சுக் கட்டுவேன். அப்புறம்தான் மத்த வேலை"ன்னார். அப்படி ஒரு குழாய் இருக்கிறது தெரியாம, ஏதோ கெட்டுப்போன நுரையீரல்னு நினைச்சு அறுத்தா, அழுத்தமான ரத்தம் பீய்ச்சும். அஞ்சுல ஒருத்தருக்குக் கிட்ட இந்தக் குழாய் வயித்துப் பகுதியிலேர்ந்து உதரவிதானத்தைத் துளைச்சுக்கிட்டு மேலே வருமாம். அறுபட்ட முனை சுருங்கி உதரவிதானத்துக்குக் கீழே போய் ஒளிஞ்சுக்கிட்டா, பிடிக்கிறது ரொம்பக் கஷ்டம். உயிர் போனதும் உண்டு. கட்டியோன்னு சந்தேகப்பட்டு ஊசி போட்டுச் சதை எடுக்கிறதும் இதே காரணத்தால ஆபத்து. நம்ம பாஷையில, எங்கேயும் எழுதி வைக்காத ஒரு டிபென்டென்ஸி. தெரியாம டெலீட் பண்ணா மொத்த சிஸ்டமும் காலி.

2023 அக்டோபர்ல ஆபரேஷன் நடந்தது. இடது நுரையீரலோட கீழ்மடலை எடுத்துட்டாங்க. எல்லாருக்கும் கத்திதான் வழின்னு இல்லை. சிலருக்கு அந்த ரத்தக்குழாயை உள்ளிருந்தே அடைச்சு விடறாங்க. தொந்தரவே இல்லாம தற்செயலாக் கண்டுபிடிச்சவங்களுக்கு எடுக்கணுமா, சும்மா கவனிச்சா போதுமான்னு டாக்டருங்களுக்குள்ளேயே இன்னும் வாதம் நடக்குது. தம்பிக்கு ரத்தம் வந்துக்கிட்டிருந்ததால யோசிக்க ஒண்ணும் இல்லை. இப்போ அரியரை முடிச்சுட்டான். ஞாயித்துக்கிழமை பௌலிங் போடறான். அன்னிலேர்ந்து இன்னிவரைக்கும் நிமோனியா எட்டிப் பார்க்கலை.

டிஸ்சார்ஜ் ஆகி வந்த அன்னிக்குச் சித்தி பழைய தட்டு, டம்ளரையெல்லாம் ஒண்ணா அடுக்கிக்கிட்டே அழுதாங்க. "எம்புள்ள பொய் சொல்லலடா"ன்னாங்க. என்னைப் பார்த்துச் சொல்லலை. பாத்திரத்தைப் பார்த்துத்தான் சொன்னாங்க. ஆனா யாருக்குச் சொன்னாங்கன்னு எனக்குத் தெரியும். அன்னிக்கு ராத்திரி மாடியில தம்பிகிட்ட மன்னிப்புக் கேட்டேன். "விடுண்ணே, நீயாவது கேட்ட. மத்தவங்க கேட்காமலே முடிவு பண்ணிட்டாங்க"ன்னான். இதுக்கு நான் என்ன பதில் சொல்றது?

இப்போ நீங்க செய்ய வேண்டியது சின்ன வேலை. இந்த ஞாயித்துக்கிழமை உங்க வீட்டு மஞ்சப்பையை எடுங்க. எக்ஸ்ரே இருந்தா ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சு மொபைல்ல ஒரு போட்டோ எடுங்க. தேதி, பேர், ஆஸ்பத்திரி தெரியற மாதிரி எடுங்க. டிஸ்சார்ஜ் சம்மரியையும் எடுங்க. ஒரே ஃபோல்டர்ல போட்டு வைங்க. சி.டி. கொடுத்திருந்தா அதையும் காப்பி பண்ணிக்கோங்க. போட்டோ எடுத்தாச்சேன்னு ஒரிஜினலைத் தூக்கிப் போட்டுடாதீங்க. போட்டோ ஆபத்துக்குத்தான், டாக்டருக்கு நல்லாத் தெரியறது ஒரிஜினல்லதான். அடுத்த தடவை யாருக்காவது நெஞ்சுல சளின்னு போகும்போது, டாக்டர் கேட்காட்டியும் நீங்களா எடுத்து நீட்டுங்க. "சார், போன தடவையும் இதே இடமா?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. கோவிச்சுக்கிற டாக்டர் இருக்கலாம். ஒரு நிமிஷம் உத்துப் பார்க்கிற டாக்டரும் இருப்பார்.

உங்க வீட்ல இப்படி ஏதாவது நடந்திருந்தா பின்னூட்டத்துல எழுதுங்க. டாக்டர் நண்பர்கள் யாராவது படிச்சா, நான் எங்கேயாவது தப்பா உளறியிருந்தா திருத்துங்க. திட்டினாலும் வாங்கிக்கறேன்.

டிஸ்கி 1: நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டறவன். இதைப் படிச்சுட்டு யாரும் டி.பி. மருந்தைப் பாதியில நிறுத்திடாதீங்க, ப்ளீஸ். சந்தேகம் இருந்தா மருந்தைச் சாப்பிட்டுக்கிட்டே டாக்டர்கிட்ட கேளுங்க.

டிஸ்கி 2: எக்ஸ்ரே வழியா கிரகணம் பார்க்காதீங்க. கண்ணுக்கும் கெடுதல், எக்ஸ்ரேவுக்கும் கெடுதல் :-)